மலையகத்தில் பெரிய கோழிக்கூடு: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நாலைந்து கோழிக்கு ஒரு பழைய பெட்டியும் கம்பி வலையும் போதும். 15, 20 கோழி என்று போகும்போதுதான் சரியான கூடு வேண்டியிருக்கிறது. செய்து விற்கும் கூட்டை வாங்குவதா, தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டுக் கூடு அடிப்பதா என்ற யோசனையும் அப்போதுதான் வரும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளை பக்கங்களில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கொழும்பிலோ வவுனியாவிலோ நன்றாக நிற்கும் கூடு இங்கே அப்படியே சரிவராது. அங்கே எதிரி வெயில், இங்கே ஈரம்.

20 கோழிக்கு எவ்வளவு பெரிய கூடு வேண்டும்?

கணக்கை மழை நாளில் இருந்து தொடங்குங்கள். வெயில் நாளில் கோழி கூட்டுக்குள் இரவு மட்டும்தான் இருக்கும், அதற்குச் சின்னக் கூடே தாங்கும். ஜூன், ஜூலையில் மஸ்கெலியாவிலும் கினிகத்தேனையிலும் நாள்கணக்கில் மழை விடாது. அப்போது 20 கோழியும் பகல் முழுக்க உள்ளேதான். இடம் பற்றாவிட்டால் ஒன்றையொன்று கொத்தும், முதுகு இறகைப் பிடுங்கும், முட்டையை உடைத்துக் குடிக்கப் பழகும். இந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு.

வளர்ந்த கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி வையுங்கள். 20 கோழிக்கு 80 சதுர அடி, அதாவது 8க்கு 10 அடி. கம்பி வலை அடித்த வெளி முற்றத்துக்குக் கோழி ஒன்றுக்கு 8 முதல் 10 சதுர அடி. இரண்டையும் சேர்த்தால் 260 சதுர அடி சொச்சம் வரும். ஒரு பேர்ச் 272 சதுர அடி என்பதால், 20 கோழிக்கு ஒரு பேர்ச் நிலம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். 7 பேர்ச் தனி வீட்டுக் காணியில் வீடு, படிக்கட்டு, மண்திட்டு எல்லாம் போக இது சின்ன இடமல்ல. இடமில்லை என்றால் கோழியைக் குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

பண்ணைகளில் இதில் பாதிக்கும் குறைவான இடத்தில் வளர்க்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே மருந்து, மின்விசிறி, முழுநேர ஆள் எல்லாம் இருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை.

"15 கோழிக்குப் போதும்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

பாதியாக்கிக் கொள்ளுங்கள். அநேகமாக அந்த எண்ணிக்கை, கோழிகள் நெருக்கியடித்துத் தூங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. முட்டைப் பெட்டியின் இடத்தையும் சேர்த்துத் தரைப் பரப்பு என்று காட்டுபவர்களும் உண்டு. உள்ளே நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்று மட்டும் கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கூடுகள் பார்க்க அழகு. சிவப்புக் கூரை, வெள்ளைச் சட்டம், பக்கத்தில் குட்டி ஏணி. ஆனால் பெரும்பாலும் அரை அங்குலத் தடிப்புள்ள மென்மரப் பலகைதான் அது. இங்குள்ள ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கீழ்ச்சட்டம் ஊறி, ஆணி கழன்று, கதவு சாத்த மறுக்கும். அந்தக் காசுக்கு ஊரிலேயே பாஸ் ஒருவரை வைத்து இன்னும் பெரிதாக, இன்னும் உறுதியாக அடிக்கலாம் என்பது என் எண்ணம்.

கூரைக்குத் தகரம் போதுமா?

போதும், ஆனால் மூன்று விஷயத்தைக் கவனித்தால்.

முதலாவது, இறவாரம். கூரை சுவரைத் தாண்டிக் குறைந்தது 2 அடி வெளியே நீள வேண்டும். நம் ஊர் மழை நேராக விழுவதில்லை, சாரலாகச் சாய்ந்து அடிக்கிறது. விற்பனைக்கு வரும் கூடுகளில் இறவாரம் அரை அடிதான் இருக்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இது ஒன்றால் உள்ளே தரையில் போட்ட மரத்தூள் நனைந்து நாறும்.

இரண்டாவது, தகரத்தின் உட்பக்கம் வேர்ப்பது. ஜனவரி மாதம் விடியற்காலை கூட்டுக்குள் போய் தகரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கை நனையும். இரவு முழுக்கக் கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் தார் பூசிக்கொண்டே இருப்பார்கள், மேலே ஓட்டையே இருக்காது. தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு பிளைவுட்டோ வெள்ளி நிற வெப்பத்தடுப்பு விரிப்போ அடித்தால் இது பெருமளவு நிற்கும். சூடான ஈரக் காற்று வெளியேற மேலே வழி வைப்பதும் அவசியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, காற்று. அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காற்றுக்கு ஆணி மட்டும் அடித்த தகரம் நிற்காது. வாஷர் போட்ட திருகாணியால் இறுக்கி, கூரைச் சட்டத்தைத் தூணோடு கம்பியாலோ இரும்புப் பட்டியாலோ கட்டுங்கள். இறவாரம் நீளமாக இருக்கும் கூடுகளுக்கு இது இன்னும் முக்கியம், காற்று அடியில் புகுந்து தூக்கும்.

ஒரு தகடு மட்டும் வெளிச்சம் விடும் தகடாகப் போடுங்கள். பனிமூட்ட நாட்களில் உள்ளே இருட்டாக இருந்தால் கோழி சரியாகத் தின்னாது. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டியோ துளையிட்டோ பயன்படுத்த வேண்டாம், அந்தத் தூசு நம் நுரையீரலுக்கு ஆகாது.

நுவரெலியாக் குளிரில் கோழி விறைத்துப் போகாதா? இரவில் பல்ப் போடவா?

வளர்ந்த கோழிக்கு வேண்டாம். உறைபனி விழும் இரவுகளைக்கூட இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கத்துக் கோழியோடு ஒட்டி உட்கார்ந்து தாங்கிவிடும். நோயில் தள்ளுவது குளிர் மட்டுமல்ல, குளிரோடு ஈரமும், உடம்பில் நேராகப் படும் காற்றும், எச்சத்திலிருந்து எழும் அமோனியாவும் சேர்வதுதான். மரத்தூளுக்குப் பக்கத்தில் சூடான பல்ப் தொங்கவிட்டுத் தூங்கப் போவது தீ விபத்துக்கு அழைப்பு.

குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரம் அவற்றுக்கு 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். கீழ்நாட்டில் மூன்று நான்கு வாரத்தில் பல்பை எடுத்துவிடுவார்கள். இங்கே ஐந்தாறு வாரமாவது வேண்டியிருக்கும். அதனால் பெரிய கூட்டுக்குள் குஞ்சு விடாதீர்கள், வீட்டோடு சேர்ந்த தனிப் பெட்டியில் வளர்த்து இறகு முளைத்த பிறகு மாற்றுங்கள்.

குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்திருக்கிறோம். சரிதானே?

இல்லை. மலையகத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். மூடிய கூட்டில் காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால், கோழி இரவு முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது. சளி, கண் வீக்கம், குரல் கரகரப்பு எல்லாம் அங்கிருந்து வரும்.

சுவரின் கீழ்ப்பகுதி, கோழி உட்காரும் கொம்புக்கு மேல் ஓர் அடி உயரம் வரை, பலகையாக இருக்கட்டும். அதற்கு மேல் கூரை வரை இரண்டு நீளப் பக்கங்களிலும் கம்பி வலை. காற்று கோழியின் தலைக்கு மேலாகப் போக வேண்டும், உடம்பில் படக்கூடாது. சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஒரு தறப்பாள் சுருள் கட்டிவையுங்கள். அதைக் கீழிருந்து மேலே இழுத்துக் கட்டும் விதமாக அமைத்தால் எவ்வளவு மூடினாலும் உச்சியில் ஒரு சாண் திறப்பு மிஞ்சும். மேலிருந்து கீழே தொங்கவிடும் திரை இதற்கு நேர் எதிர்: மேலே அடைத்து, கீழே குளிர்காற்றை விடும்.

மண்தரையா, சீமெந்தா, கால் வைத்துத் தூக்கிய பலகைத் தரையா?

மண்தரை வேண்டாம். மழைக்காலத்தில் நிலமே கசியும் ஊர் இது.

சரிவான காணி என்றால் தரையிலிருந்து இரண்டு இரண்டரை அடி தூக்கிய கூடுதான் நல்லது. மண்ணை வெட்டிச் சமப்படுத்தத் தேவையில்லை, காலின் உயரத்தை மாற்றினால் போதும். கால்கள் கொங்கிரீட்டாகவோ கல்வனைஸ் குழாயாகவோ இருக்கட்டும். மரக்கால்தான் என்றால் மண்ணில் புதைக்காமல் சீமெந்துக் கட்டி மேல் நிறுத்துங்கள். தரை முழுவதையும் இடைவெளி விட்ட மரப்பட்டிகளாக அடித்தால் கீழிருந்து காற்று ஏறும். கொம்புக்குக் கீழே மட்டும் மரப்பட்டி, மீதி முழுப் பலகை என்று அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், குளிரும் குறையும். இரவில்தான் எச்சத்தில் பாதி அளவு விழுகிறது என்பதால் இந்த ஏற்பாடு கழுவும் வேலையை நன்றாகக் குறைக்கும்.

சமதரை இருந்தால் சீமெந்து. சற்றுச் சரிவாகப் பூசி, மேலே 4 முதல் 6 அங்குலம் மரத்தூளோ உமியோ போடுங்கள். மர ஆலைச் சீவல் கிடைத்தால் இன்னும் நல்லது, நுண்ணிய தூளைப் போலப் பறக்காது.

ஈரமா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறவுங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரிப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தை அன்றே அள்ளிக் கொட்ட வேண்டும். ஈரத் தரையில்தான் இரத்தக் கழிச்சல் பரவும், மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளை அது சுருட்டிக்கொண்டு போகும். எச்சத்தில் இரத்தம் கண்டால் நாட்டு மருந்து தேடி நாளைக் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

கூட்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

கதவும் முற்றமும் கிழக்குப் பார்த்து இருந்தால் காலை வெயில் கிடைக்கும், பனியில் ஊறிய முற்றம் சீக்கிரம் காயும். பலகைச் சுவர் சாரல் வரும் பக்கத்துக்கு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். பதுளை, பசறைக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வரும் வடகிழக்கு மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் மலைக்கு மலை காற்று திரும்பும். உங்கள் வீட்டுச் சுவரில் எந்தப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது என்று பாருங்கள், அதைவிடச் சரியான வழிகாட்டி கிடையாது.

மண்திட்டின் அடியை வெட்டி இடம் எடுக்காதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டுக்கு மேற்புறம் ஒரு கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். அந்தத் தண்ணீர் கீழ் வீட்டுக்காரரின் முற்றத்தில் போய் நிற்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மிருகத்துக்குப் பயப்பட வேண்டும்? எந்தக் கம்பி வலை?

பகலில் கீரி, பருந்து, தெருநாய். இரவில் மரநாய், காட்டுப்பூனை. முட்டைக்கு எலி, பாம்பு, குரங்கு. இதில் அதிகம் கோழி தின்பது மரநாயும் நாயும்தான். மரநாய் மேலே ஏறும், ஒரு கை நுழையும் சந்திருந்தால் உடம்பை நுழைத்துவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் அதன் வழக்கமான வாசல்.

ஆறுகோண ஓட்டை உள்ள மெல்லிய "கோழிக் கம்பி" கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. துருப்பிடித்த பிறகு கையாலேயே கிழிக்கலாம். கூட்டுக்கும் முற்றத்தின் கீழ் 3 அடிக்கும் அரை அங்குலச் சதுர ஓட்டையுள்ள, பற்றவைத்த கல்வனைஸ் வலை வாங்குங்கள். கடையில் கேஜ் எண்ணைக் கேளுங்கள், எண் குறையக் குறையக் கம்பி தடிப்பு. முற்றத்தின் மேற்பகுதிக்கும் கூரைக்கும் மலிவான வலை போதும், ஆனால் மூடியே ஆகவேண்டும். பருந்துக்கு மட்டுமல்ல, மரநாய்க்கும்தான்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள். மிருகம் தள்ளும்போது வலை சட்டத்தில் போய் அழுந்தும். உள்பக்கம் அடித்தால் தள்ளத் தள்ள ஆணி கழலும். தோண்டி நுழையாமல் இருக்க, வலையை நிலத்தில் ஓர் அடி புதைக்கலாம். பாறை இருக்கும் இடத்தில் சுற்றிவர ஒன்றரை அடி வெளியே படுக்கவைத்து மேலே கல் அடுக்கலாம். புல் முளைத்துப் பிடித்துக்கொண்டால் அசையாது.

போகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு. வீட்டுப் பக்கம் வந்தால் அதன் கண் பெரும்பாலும் நாய் மேல்தான். எது வந்தாலும் சுருக்குக் கம்பி வைக்கவோ வேலிக்கு வீட்டு மின்சாரம் கொடுக்கவோ வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. மின்வேலியில் போவது மனித உயிராகவும் இருக்கலாம்.

இரண்டு கால் மிருகமும் உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம் நல்ல பூட்டாகப் போடுங்கள்.

காலையில் மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருகிறோம். தானாகத் திறக்கும் கதவு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதைவிட நல்ல செலவு ஒன்று இருக்கிறது. முற்றத்தையும் மேற்பகுதி உட்படக் கூட்டைப் போலவே தடித்த வலையால் பாதுகாப்பாக அடித்துவிட்டால் நடுவிலிருக்கும் சின்னக் கதவை இரவிலும் திறந்தே வைக்கலாம். கோழி வெளிச்சம் கண்டதும் தானாக இறங்கும், இருட்டினால் தானாக ஏறும்.

தானியங்கிக் கதவுதான் வேண்டும் என்றால் நேரம் குறித்து இயங்குவதை எடுங்கள். வெளிச்சத்தை உணர்ந்து திறப்பவை பனிமூட்டம் இறங்கிய பின்னேரம் கோழி வெளியே இருக்கும்போதே சாத்திவிடக்கூடும். சூரியசக்தியில் மட்டும் ஓடுபவையும் மழை மாதத்தில் கைகொடுக்காது.

ஆள் நுழையும் கதவு தேவையா? பக்கத்தில் ஒரு சன்னல் இருந்தால் போதாதா?

பெரிய கூட்டுக்கு இது இல்லாமல் வாங்கவே வேண்டாம். குனிந்து தவழ்ந்து போக வேண்டிய கூட்டை யாரும் வாராவாரம் கூட்ட மாட்டார்கள், இது மனித இயல்பு. கதவு 6 அடி உயரம், எருச் சாக்கோடு வெளியே வரும் அகலம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடிய வேண்டும்.

கொம்பும் முட்டைப் பெட்டியும் எப்படி?

கோழி ஒன்றுக்கு 8 முதல் 10 அங்குலம். 20 கோழிக்கு 15 அடி கொம்பு, அதாவது 8 அடிக் கொம்பு இரண்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் மேலே இருப்பது கீழே இருப்பதன் முதுகில் எச்சமிடும், எல்லாம் மேல் கொம்புக்கே சண்டை போடும். இரண்டையும் ஒரே உயரத்தில், இரண்டு இரண்டரை அடியில் வையுங்கள். 2 அங்குல அகலச் சட்டம், முனை மழுங்கச் சீவியது. கோழி அதில் முழுப் பாதத்தையும் வைத்துக் குந்தும்போது இறகு விரலை மூடிச் சூடாக வைக்கும். கழற்றி எடுக்கும்படி இருக்கட்டும். இரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சி பகலில் ஒளிவது கொம்பு பொருந்தும் மூலையில்தான்.

முட்டைப் பெட்டி நாலைந்து கோழிக்கு ஒன்று, நாலு பக்கமும் ஓர் அடி, கொம்பைவிடத் தாழ்வாக. உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து அசிங்கப்படுத்தும். வெளியிலிருந்து மூடியைத் திறந்து முட்டை எடுக்கும் அமைப்பு மிக வசதி, அந்த மூடியின் கீலில்தான் மழைநீர் இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே ஒரு ரப்பர் பட்டி, பழைய டியூப் துண்டு போதும், ஆணியடித்து மூடுங்கள். பூட்டும் வேண்டும், குரங்குக்கு மூடி திறக்கத் தெரியும்.

முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வேறு சேவலும் உண்டு. ஒரே கூட்டில் விடலாமா?

சேர்த்து விட வேண்டாம். பெரிய கூட்டில் ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து 4க்கு 4 அடி அறை ஒன்று எடுத்து வையுங்கள், கீழ் 2 அடி பலகையால் மறைத்து. சேவலுக்கு மட்டுமல்ல, நோயான கோழிக்கும் அடைக்கோழிக்கும் புதிதாக வாங்கிய வெடக்கோழியைப் பழக்கவும் அது உதவும். தனியறை உள்ள கூட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மரமா, இரும்பா?

தூணும் கூரைச் சட்டமும் இரும்புக் குழாய், சுவர் மரம். மலையில் யூக்கலிப்டஸ் மலிவாகக் கிடைக்கும், பச்சையாக அறுத்ததை அடித்தால் வளைந்துவிடும், காயவிடுங்கள். கழிவு எண்ணெய் பூசுவதென்றால் வெளிப்பக்கம் மட்டும்.

சக்கரம் வைத்து நகர்த்தும் கூடு?

நம் சரிவுகளில் 20 கோழிக் கூட்டை நகர்த்த முடியாது. நகர்ந்தால் நிறுத்தவும் முடியாது.

தீவனத்தைக் கூட்டுக்குள் வைக்கலாமா?

மூடி இறுகும் தகரப் பீப்பாயில் வைக்கலாம். 20 முட்டைக்கோழி நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ அளவில் தின்னும், 25 கிலோ மூட்டை பத்து நாள். மலிவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். தண்ணீர் நாளைக்கு 5 லீட்டர். கூரைத் தண்ணீர்ப் பீப்பாயை மேட்டில் வைத்துக் குழாய் இழுத்தால் சுமக்கும் வேலை மிச்சம்.

லயத்தில் இருக்கிறோம். பெரிய கூடு வைக்க விடுவார்களா?

நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்பதால் முதலில் துரையிடம் கேளுங்கள், சீமெந்துத் தரை போடுவதென்றால் கட்டாயம். அடுத்த காம்பராக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. மணமும் இலையானும் வந்தால் முறைப்பாடு சுகாதாரப் பரிசோதகர் வரை போகும். எருவை வாராவாரம் சாக்கில் கட்டி வைத்தால் அந்தப் பேச்சே வராது. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை மரக்கறித் தோட்டக்காரர்கள் கோழி எருவுக்குத் தேடி வருவார்கள். சொந்தத் தோட்டத்துக்கென்றால் இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் லீக்ஸ் வேர் கருகும்.

பழைய கூடு ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

அதிலிருந்த கோழிகளுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். "எல்லாம் ஒரே வாரத்தில் செத்துப்போச்சு" என்றால் விட்டுவிடுங்கள், ராணிக்கெட் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். விற்றுவிட்டோம் என்றால், கொம்பு பொருந்தும் இடங்களை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை வந்தால் செள்ளு இருக்கிறது. பிறகு கீழ்ச்சட்டத்தில் திருகாணி முடுக்கியால் குத்துங்கள், மெத்தென்று இறங்கினால் மரம் போய்விட்டது, வலைக்கும் தகரத்துக்கும் மட்டும் விலை பேசலாம். எடுத்து வந்தால் சவர்க்காரத் தண்ணீரால் உரசிக் கழுவி, சந்துகளில் தீச்சுவாலை காட்டி, சுண்ணாம்பு அடித்து, வெயில் படும்படி இரண்டு மூன்று வாரம் வெறுமனே விட்ட பிறகே கோழியை விடுங்கள். அதற்குள் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசிக்கும் பேசி வைத்துக்கொள்ளலாம்.